மூன்று நாள் கலங்கல்

அத்தியாயம் 4

ஆய்வகக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை, ரவ்தாவுக்கு வண்டி ஓட்டும் ஷாத்லி உரக்கப் படித்தான்.

"'புதன்கிழமை வரை யாரும் உள்ளே வராதீர்கள். தண்ணீர் தூங்குகிறது. வஸீலா.' தண்ணி தூங்குதாம் லல்லா. நம்ம தெருக் குழாயிலயும் இதை எழுதி ஒட்டணும். வாரத்துல நாலு நாள் அது எழுந்திரிக்கிறதே இல்ல."

மரியாதைக்கு அவன் லல்லா என்று கூப்பிடும் ரவ்தா சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. முகம்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாலு மாதமாக அப்படித்தான். தடித்த கையுறை போட்டுக்கொண்டு உலகத்தைத் தொடுவதுபோல எல்லாம் ஒரு அடி தள்ளி இருந்தது. கணவர் கமால் ஒரு காலை முடி வெட்டிக்கொள்ளப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே ரவ்தா தன் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்துவிட்டாள். இருபத்து மூன்று வருடம் போலீஸில் இருந்தவள், கல் மாதிரி தாங்குகிறாள் என்று ஊர் சொன்னது. அவள் எதையும் தாங்கவில்லை. தாங்குவதற்கு எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

"திற," என்றாள்.

தெஸ்தூர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை வஸீலாவின் உடல் மெஜர்தா ஆற்றின் தடுப்பணையில் ஒதுங்கி இரண்டு வாரம் ஆகப்போகிறது. பின்மண்டையில் காயம், நுரையீரலில் தண்ணீர் என்று டாக்டர் எழுதியிருந்தார். தண்ணீரில் கிடந்தது மூன்று நாளா ஐந்து நாளா என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆய்வகத்துக்குப் பின்னால் இருந்த குப்பைப் பீப்பாயில் தடித்த கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் ரத்தம். ஆக, சம்பவம் நடந்தது ஆய்வகத்தில். ஆய்வகத்துக்கு இரண்டே சாவி. ஒன்று வஸீலாவுடையது, அவள் வீட்டு ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றது ஆய்வகப் பணியாளர் ஹஷ்மியின் இடுப்பில். அதற்கு முந்தைய சனிக்கிழமைதான் இருவருக்கும் கண்ணாடிச் சாமான் கழுவுவது பற்றிக் கொஞ்சம் சத்தமாகப் பேச்சு நடந்திருந்தது. போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது. ஹஷ்மி உள்ளே போய் இன்றோடு பன்னிரண்டு நாள்.

அவர் மனைவி ஸொஹ்ரா தலைநகர் தூனிஸுக்குப் பேருந்து ஏறி வந்து ரவ்தாவின் மேஜை முன்னால் நின்று சொன்னது ஒரே விஷயம்தான். "அவருக்கு ஒரு கண்ணாடிக் குழாய் உடைஞ்சாலே ராத்திரி சோறு இறங்காது லல்லா. ஆளை உடைப்பாரா?"

உள்ளே ராதியா காத்திருந்தாள். வஸீலாவோடு அறிவியல் எடுத்தவள், முப்பது வயதுக்குள் இருக்கும். ஜன்னலோர மேஜையில் முழங்கை உயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜாடி. அடியில் இரண்டு விரல் கனத்துக்கு மண். மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. அதற்குள் ஒரு வயரில் கட்டைவிரல் அளவுக் கறுப்புக் குப்பி தொங்கியது.

"இதுதான் அந்த சோதனை," என்றாள் ராதியா. "வெள்ளம் வந்தப்ப ஆத்துல இருந்து கலங்கல் தண்ணி எடுத்துட்டு வந்தா. அது தெளிய எவ்வளவு நேரம் ஆகும்னு பார்க்கிறதுக்கு. வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஊத்தினா. புதன்கிழமை பிள்ளைங்க வந்து பார்க்கணும்."

"இந்தக் கறுப்பு வஸ்து?"

"சென்சார். ஒரு பக்கம் சின்ன விளக்கு, ஒரு பக்கம் கண். தண்ணில மண்ணு மிதந்தா வெளிச்சம் சிதறும். எவ்வளவு சிதறுதுன்னு கண்ணு எண்ணாச் சொல்லும். ஆத்துத் தண்ணி எண்ணூறு. குழாய்த் தண்ணி மூணு."

"எங்க தெருக் குழாய் எண்ணூத்தி ஒண்ணு," என்றான் ஷாத்லி.

"யாருக்குச் சொல்லும்?" என்று கேட்டாள் ரவ்தா.

ராதியா குனிந்து மேஜைக்கு அடியில் இருந்த அலமாரிக் கதவைத் திறந்தாள். மேஜையில் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியே இறங்கிய வயர், வயரின் முனையில் சோப்பு டப்பா மாதிரி ஒரு பெட்டி. "இதுக்கு. நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுதி வச்சுக்கும். போலீஸ்காரங்ககிட்ட காட்டினேன். பிள்ளைங்க விளையாட்டுச் சாமானான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. நேத்துதான் உட்கார்ந்து இறக்கிப் பார்த்தேன். பார்த்ததும் உங்களுக்கு போன் பண்ணினேன்."

ஒட்டி நீளமாக்கிய காகிதச் சுருளை அவள் மேஜையில் விரித்தாள். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஒரு கோடு, மலைச்சரிவு போல மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தது. சனி இறங்கியது. சனி இரவு இறங்கியது. ஞாயிறு காலை பதினொன்று பதினேழுக்கு வந்ததும் செங்குத்தாக அறுந்து விழுந்தது.

"இங்க சென்சார் தண்ணிலயே இல்ல. வெறும் காத்துல இருந்திருக்கு," என்றாள் ராதியா. "ஜாடி விழுந்து உடைஞ்சது இங்கதான். அப்புறம் இருபத்து நாலு நிமிஷம் கழிச்சு மூணு காட்டுது. யாரோ அலமாரில இருந்து இன்னொரு ஜாடி எடுத்து, குழாய்த் தண்ணி பிடிச்சு, சென்சாரை உள்ள விட்டிருக்காங்க. அடுத்த நிமிஷமே எழுநூறு. மண்ணைப் போட்டிருக்காங்க."

"எந்த மண்ணு?"

"அதான் விஷயமே. ஆத்துக் களிமண் மாவு மாதிரி. நாலு நாள் ஆனாலும் மிதக்கும். இது ஜன்னலுக்கு வெளியே இருக்கிற மாதுளைப் பாத்தி மண்ணு. பருமணல். இருபது நிமிஷத்துல அடில போய் உட்கார்ந்துடும்."

கோடு அதையே சொன்னது. எழுநூறுக்கு ஏறியது இருபதாவது நிமிடத்தில் தரைக்கு வந்தது. மறுபடி ஏறியது. மறுபடி விழுந்தது. திங்கள் முழுக்க, செவ்வாய் முழுக்க, புதன் காலை வரை, சீப்பின் பற்கள் போல.

"யாரோ வந்து வந்து கலக்கிட்டுப் போயிருக்காங்க. ஜன்னல் வழியா யாராவது எட்டிப் பார்த்தா ஜாடி மாறினது தெரியக்கூடாதுன்னு," என்றாள் ரவ்தா.

"மூணு நாளா," என்றாள் ராதியா. "புதன்கிழமை பதினோரு மணிக்கு நான்தான் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். வஸீலா தூனிஸ்ல பயிற்சி முடிச்சு வந்துடுவேன்னு சொல்லியிருந்தா, வரல. பஸ் தாமதம்னு நினைச்சுக்கிட்டோம். தண்ணி கலங்கலா இருந்துச்சு. பாருங்க, இன்னும் தெளியலன்னு பாடம் கூட நடத்தினேன்." அவள் நிறுத்தினாள். "அப்ப அவ ஆத்துல இருந்தா."

ரவ்தா காகிதத்தின் மேல் விரலை ஓட்டினாள். ராதியாவின் கண் கலங்கியதைப் பார்த்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஹஷ்மிக்கு இந்தப் பெட்டி இருக்கிறது தெரியுமா?"

"தெரியுமாவா? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பேட்டரி மாத்துறதே அவர்தான்."

ரவ்தாவும் ஷாத்லியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப ஹஷ்மி இல்ல," என்றாள் ரவ்தா. "அவர் பண்ணியிருந்தா முதல் வேலையா வயரைப் பிடுங்கியிருப்பார். இது, தண்ணி கலங்கலா இருக்கணும்னு மட்டும் தெரிஞ்ச ஆள். புதன்கிழமைன்னும் தெரியும். எழுதி வைக்கிற பெட்டி ஒண்ணு இருக்கிறது தெரியாது."

"காதுல பாதியை வாங்கின ஆள்," என்றான் ஷாத்லி. "என் பெண்டாட்டி கணக்குப்படி நானே குற்றவாளி."

ரவ்தா பேனாவை எடுத்துக் காகிதத்தின் ஓரத்தில் நேரங்களைக் குறிக்கத் தொடங்கினாள். திங்கள் காலை ஏழு ஐம்பது. பிறகு பத்து மணி வரை ஒன்றும் இல்லை. பத்து மூன்று, பத்து இருபத்தைந்து, பத்து ஐம்பத்தொன்று. பிறகு பன்னிரண்டு வரை ஒன்றும் இல்லை. பன்னிரண்டு நாலு. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஒன்றும் இல்லை. நாலு மூன்று.

குறித்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஷாத்லி, இந்தப் பள்ளிக்கூடத்துல மணி எப்ப எப்ப அடிக்கும்?"

அவன் எட்டிப் பார்த்தான். மெதுவாக விசிலடித்தான். "லல்லா, இது கோடு இல்ல. ஒருத்தரோட பாட அட்டவணை."

*

ஆசிரியர் அறைச் சுவரில் அட்டவணை பாதிச் சுவரை அடைத்திருந்தது. நாற்பத்தொரு பெயர், நாற்பத்தொரு வரி, வகுப்பு இருக்கும் மணிக்கு நீலக் கட்டம், ஓய்வு மணிக்கு வெள்ளைக் கட்டம். மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு ஆசிரியர்கள் குவளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள்.

வேலை எளிது. வகுப்பில் இருக்கும் ஆள் கலக்க முடியாது. ஓய்வில் இருக்கும் ஆள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கலக்கியிருக்கிறான். கோடு சும்மா இருந்த மணியெல்லாம் நீலம், துள்ளின மணியெல்லாம் வெள்ளை. அப்படி ஒரு வரி சுவரில் இருந்தால் அதுதான் ஆள்.

ஷாத்லி நாற்காலி மேல் ஏறி நின்று மேலிருந்து வாசித்தான். அவன் தூனிஸுக்கும் பாஜாவுக்கும் நடுவே பத்தொன்பது வருடம் வாடகை வண்டி ஓட்டியவன். யார் எங்கே ஏறி எங்கே இறங்கினார் என்பது மறக்காது. முன்பு ஒரு வழக்கில் சாட்சியாக வந்து அப்படியே ரவ்தாவிடம் ஒட்டிக்கொண்டான்.

"திங்கள் பத்து மணிக்கு நீலம். அடிச்சுடுங்க. அடுத்தது, உடற்பயிற்சி வாத்தியார். வாரம் முழுக்க வெள்ளை. மனுஷன் பிறந்திருக்கார் பாருங்க."

"அடுத்தது."

"திங்கள் சரி. செவ்வாய் மதியம் இடிக்குது. போச்சு. அடுத்தது..."

முப்பத்து மூன்றாவது வரியில் அவன் குரல் இறங்கியது. "திங்கள் எட்டுல இருந்து பத்து நீலம். பத்துல இருந்து பதினொண்ணு வெள்ளை. பதினொண்ணு நீலம். மதியம் ரெண்டு மணி நேரம் நீலம். அப்படியே பொருந்துது லல்லா. புதன்கிழமை எட்டு நீலம், ஒன்பதுல இருந்து பதினொண்ணு வெள்ளை. அதுவும் பொருந்துது."

"யாரு?"

"முக்தார். அரபு மொழி." அவன் நாற்காலியிலிருந்து இறங்கினான். "வஸீலாவோட புருஷன்."

வஸீலா சோதனையைப் பற்றி வேறு யாரிடம் பேசியிருப்பாள்? சாவி தொங்கின ஆணி வேறு யார் வீட்டுச் சுவரில் இருக்கிறது? அவள் ஞாயிறு மதியமே தூனிஸுக்கு வண்டி ஏறிவிட்டாள் என்று சொன்னதும் அவர் ஒருவர்தான். ரவ்தா செவ்வாய்க்கிழமைப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். எட்டிலிருந்து பத்து நீலம், சரி. பத்து நாலுக்கு ஒரு கலக்கல். அதன் பிறகு இரண்டு மணி நேரம் கோடு தரையில் கிடந்தது. பன்னிரண்டு ஆறுக்குத்தான் அடுத்த கலக்கல்.

சுவரில் செவ்வாய் பத்திலிருந்து பன்னிரண்டு வரை முக்தாருக்கு வெள்ளை.

"இடிக்குது," என்றாள்.

"ஒரே ஒரு இடத்துலதானே?"

"ஒரே இடம்னா ஒரே இடம்தான். மத்த ஓய்வு மணி எல்லாத்துலயும் ஓடி ஓடிக் கலக்கின ஆள், செவ்வாய்க்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பானா? தண்ணி தெளிஞ்சு வெளியே தெரியட்டும்னா? நான் வக்கீலா இருந்தா இந்த ஒரு ஓட்டைல ஆளை வெளியே கூட்டிட்டு வந்துடுவேன்."

மிச்சம் எட்டு வரியையும் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. ரவ்தாவுக்கு ஏமாற்றம் வந்திருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தாள், இல்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

*

வண்டியில் ஏறியதும் கைப்பேசி அடித்தது. மைத்துனி. அவள் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அழைப்பு அச்சடிக்க வேண்டும். "நான் பார்த்துக்கிறேன்," என்றாள் ரவ்தா. உடனே இன்னொரு அழைப்பு. பழைய போலீஸ் சகா, தன் ஓய்வூதிய மனுவை யாராவது எழுதித் தருவார்களா என்று. "அனுப்புங்க, நான் எழுதுறேன்."

ஷாத்லி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "லல்லா, உங்க டைரில வெறுமையா ஒரு பக்கம் இருந்தா காட்டுங்க, ஃப்ரேம் போட்டு மாட்டுவோம். போன வாரம் மாடி வீட்டுக்காரங்க பூனைக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே? உங்களுக்குப் பூனையே பிடிக்காது."

"ரோட்டைப் பாரு."

"எங்க போறோம்?"

"முக்தார் வீட்டுக்கு. சாவியைப் பார்க்கணும்."

மாதுளைத் தோட்டங்கள் இலை உதிர்ந்து நின்றன. மதியம் மூன்று மணி. வெயில் இருந்தது, சூடு இல்லை.

முக்தார் கதவைத் திறந்தார். நாற்பத்தைந்து வயது, சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. ரவ்தாவைப் பார்த்து, "வாங்க லல்லா, நேத்தே எதிர்பார்த்தேன்," என்றார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. அவருக்கு வாரக் கடைசி வரை விடுப்பு கொடுத்திருந்தார்கள்.

வீடு துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஜன்னல் சட்டங்களுக்குப் புதிதாக நீலப் பூச்சு அடித்திருந்தது. முற்றத்தில் யாருடைய சைக்கிளோ தலைகீழாக நின்றது, சங்கிலி கழற்றி எண்ணெய் போட்டிருந்தது.

"பக்கத்து வீட்டுப் பையனோடது," என்றார் முக்தார், அவள் பார்வையைக் கவனித்து. "சும்மாதானே இருக்கேன்னு வாங்கிட்டு வந்தேன். எதிர்வீட்டுக் கதவு கூட உராய்ஞ்சுட்டு இருந்துச்சு. இழைச்சுக் கொடுத்தேன்."

அவர் காப்பி போட உள்ளே போனார். ஷாத்லி வாசற்படியிலேயே நின்றான். சாவி ஆணியில் தொங்கியது. ரவ்தா அதைப் பார்க்கவில்லை. அந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்த வீடு முழுக்கத் தெரிந்திருந்தது. அந்தப் பூச்சு, அந்த எண்ணெய், அந்த இஸ்திரி. இவருக்கும் சும்மா இருக்கும் மணி இருக்க முடியாது. வெள்ளைக் கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் இவரும் அதில் எதையாவது கொண்டுவந்து நிரப்புவார். சுவரில் இருந்த அட்டவணை செப்டம்பரில் போட்டது. செப்டம்பரில் இவர் சாதாரண மனிதர்.

காப்பி வந்தது. குடித்தாள். ஆண்களை மரியாதையாக அழைக்கும் 'ஸி' போட்டே கேட்டாள்.

"ஸி முக்தார், ஒண்ணு கேட்கணும். அந்த வாரம் நீங்க வேற யாரோட வகுப்பையாவது எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்தேன்," என்றார் உடனே. "ஃபத்ஹி இருக்காரே, கணக்கு. சிறுநீரகக் கல்லு வந்து படுத்துட்டார். யாராவது பார்த்துக்க முடியுமான்னு மேற்பார்வையாளர் வந்து கேட்டார். நான் எடுத்துக்கிட்டேன். கணக்கு எனக்கு வராது, அதனால கட்டுரை எழுதச் சொன்னேன். இதோ, அந்தத் தாள்தான் இன்னும் முடியல." மேஜையில் இரண்டு அடுக்காக இருந்த தாள்களைக் காட்டினார். பக்கத்தில் சிவப்புப் பேனா.

ரவ்தா மேல் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். மூன்றாம் ஆண்டு, கணக்குப் பிரிவு. பிள்ளைகள் தேதியைத் தவறாமல் எழுதுவார்கள். செவ்வாய், நவம்பர் பதினெட்டு. பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை.

வாசலில் ஷாத்லி தலையை நிமிர்த்தினான்.

ரவ்தா பையிலிருந்து காகிதச் சுருளை எடுத்து மேஜை மேல் விரித்தாள். ஜாடியைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் நாலு வாக்கியத்தில் சொன்னாள். முக்தார் பாடம் கேட்கும் மாணவன் போலக் கேட்டுக்கொண்டார். பற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"எழுதிக்கிட்டே இருந்துச்சா," என்றார். "அவ சொல்லியிருப்பா. சாப்பிடும்போதுதான் இதெல்லாம் சொல்லுவா. நாலு நாள் கலங்கலா இருக்கும், புதன்கிழமை பிள்ளைங்க வர்றாங்கன்னு சொன்னது ஞாபகம் இருக்கு. பெட்டி ஞாபகம் இல்ல."

"என்ன நடந்துச்சு?"

"ஞாயித்துக்கிழமை சாப்பாடு எடுத்துட்டுப் போனேன். பிரான்ஸ்ல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல இடம் கிடைச்சிருக்கு, ரெண்டு வருஷம், கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்னா. எப்ப போட்டேன்னு கேட்டேன். செப்டம்பர்ல. அந்தக் கடிதாசைப் பிடுங்கினேன். அவ விடல. முழங்கை பட்டு ஜாடி விழுந்துச்சு. தரையெல்லாம் சேறு. நான் இன்னொரு தடவை இழுத்தேன், விட்டுட்டேன். அவ வழுக்கிப் போய்க் கழுவுற தொட்டி விளிம்புல விழுந்தா." நிறுத்தினார். "அழணும், கத்தணும், யாரையாவது கூப்பிடணும்னு காத்துக்கிட்டு இருந்தேன். எதுவுமே வரல. தரையைத் துடைச்சேன். வேற ஜாடி எடுத்து வச்சேன். இருட்டினதும் வண்டியை எடுத்துட்டு வந்து அவளை ஆத்துக்குக் கொண்டு போனேன்."

"மறுநாள் பாடம் நடத்தினீங்க."

"நல்லா நடத்தினேன். அதுதான் எனக்கே புரியல. செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் கேட்டப்ப, கை தூக்கினது யாருன்னு பார்த்தேன். நான்தான். ரெண்டு மணி நேரம் அந்த ஜாடி முன்னாடி உட்கார முடியாதுன்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஹஷ்மி பன்னெண்டு நாளா உள்ள இருக்கார்."

"தெரியும். தினமும் காலையில இன்னைக்குப் போய்ச் சொல்லிடணும்னு நினைப்பேன். அப்புறம் ஏதாவது ஒரு வேலை கிடைச்சுடும்."

ரவ்தாவின் பையில் டாக்டரின் அறிக்கை இருந்தது. அதில் ஒரு வரி இந்த மனிதருக்குத் தெரியாது. தெரியாமலே விட்டுவிடலாம். நீதிமன்றத்தில் யாராவது வாசிப்பார்கள். அந்நியர் நிறைந்த அறையில், நின்றுகொண்டு கேட்பார்.

"ஸி முக்தார், ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அவங்க உயிரோட இருந்தாங்க," என்றாள். "நுரையீரல்ல ஆத்துத் தண்ணி இருந்துச்சு. விழுந்ததுல மயக்கம்தான்."

முற்றத்தில் ஒரு கோழி நடந்து போனது. அது போகிற வரை அவர் பார்த்தார்.

"கையைப் பிடிச்சுப் பார்த்தேனே," என்றார்.

"நீங்க பார்த்த நேரத்துல உங்களுக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது."

அவர் தலையை அசைத்தார், ஆமாம் என்பதாகவோ இல்லை என்பதாகவோ. ஷாத்லி வாசலில் திரும்பி நின்று நிலையத்துக்கு போன் பேசினான். வேடிக்கை எதுவும் சேர்க்காமல், யார், எங்கே, எப்போது என்று மட்டும் சொன்னான். இருபது நிமிடத்தில் வருகிறார்கள்.

"லல்லா, பதினோரு தாள் மிச்சம் இருக்கு," என்றார் முக்தார். "ஃபத்ஹிக்கு அரபு திருத்தத் தெரியாது."

அவள் சுருளை மடித்து மேஜையைக் காலி செய்து கொடுத்தாள்.

அவர் பேனாவைத் திறந்தார். ரவ்தா எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தாளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். ஒரு பெண் 'ஆறு' என்ற சொல்லைத் தப்பாக எழுதியிருந்தாள். ஓரத்தில் சரியாக எழுதிக் காட்டினார். மதிப்பெண் போட்டார். ஒன்பதாவது தாளில் வண்டிச் சத்தம் கேட்டது. ஷாத்லி வெளியே போய், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டான். அவர்களும் என்ன நினைத்தார்களோ, வாசலிலேயே நின்றார்கள். பதினோராவது தாளை முடித்து, எல்லாவற்றையும் அடுக்கி, ரப்பர் பட்டை போட்டு, ஷாத்லியிடம் நீட்டினார்.

"வியாழக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க. பிள்ளைங்க கேட்டுட்டே இருப்பாங்க."

"கொடுத்துடுறேன் வாத்தியாரே," என்றான் ஷாத்லி.

*

அவர்கள் போன பிறகு ரவ்தா தெருவில் வண்டிப் பக்கத்தில் நின்றாள். ஸொஹ்ராவைக் கூப்பிட்டுச் சொன்னாள். ஸொஹ்ரா, "அவர் சட்டை எதுவும் துவைச்சு வைக்கலையே," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கையை இறக்குவதற்குள் மறுபடி அடித்தது. தெரியாத எண். பாஜாவிலிருந்து ஒரு பெண், சகோதரர்களுக்குள் நிலத்தகராறு, நாளைக் காலையே வர முடியுமா, அவசரம்.

வண்டிக்குள் ஷாத்லி சாவியைத் திருகி இயந்திரத்தை ஓட விட்டிருந்தான்.

"நாளைக்கு வர முடியாது," என்றாள் ரவ்தா.

"நாளன்னைக்கு?"

"அன்னைக்கும் முடியாது."

"உடம்பு சரியில்லையா லல்லா?"

"இல்ல. என் வீட்டுக்காரர் செத்துட்டார்."

அந்த வாக்கியத்தை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

"ஐயோ," என்றாள் அந்தப் பெண். "எப்ப?"

ரவ்தா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நாலு மாதம் ஆயிற்று என்று சொல்ல வேண்டும். ஷாத்லி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தான்.

"இப்பதான்," என்றாள்.